ஆறாம் தலத்துப் பால்கோவா

“...அதனால தட்டை உள்ள கொண்டு போயிருங்க கோதையம்மா. எங்க ஆள்க யாரும் இதைத் தொட மாட்டாவ” என்று ஞானப்பூ சொல்லிக்கொண்டிருந்தபோது, பொய் சொல்லக் கூடாது, எனக்கு நாக்கில் எச்சில் ஊறிக்கொண்டிருந்தது.

தட்டில் இருந்தது பால்கோவா. அதுவும் ஸ்ரீவில்லிபுத்தூரில், கிண்டினவள் வீட்டு வாசலிலேயே, சூடு ஆறாமல், சின்னச் சின்ன வாழையிலைத் துண்டுகளில். நாங்கள் சிலுவைப் பாதை நடந்துகொண்டிருந்தோம். காலையில் குடித்த கஞ்சிக்குப் பிறகு யாருக்கும் உள்ளே ஒன்றும் போகவில்லை. முன்னால் நின்ற இரண்டு பிள்ளைகள் கையை நீட்டிவிட்டன. ஞானப்பூவின் குரலைக் கேட்டதும் நீட்டிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டன.

கோதையம்மா தட்டோடு நின்றாள். எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். “சரிக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஞானப்பூ திரும்பி, அதே குரலில், அடுத்த செபத்தைத் தொடங்கினாள். நான் பாட வந்தவள், பாடினேன். ஆனால் அந்த வாசல் என் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது.

நான் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஊர் திருச்செந்தூருக்குத் தெற்கே, கடற்கரை. கருவாட்டு வியாபாரம். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. மற்றதெல்லாம் கோயில் பாட்டும், சந்தையில் ஆள்கள் பேசுகிற பேச்சும் கற்றுக்கொடுத்தவை. யார் எதைச் சொன்னாலும் எனக்குள் தங்கிவிடும். கணக்குத்தான் தங்காது. என் அக்கா மகன் அந்தோணி இப்போது ராஜபாளையம் பக்கம் பங்குச் சாமியாராக இருக்கிறான். வீட்டுக்குள் அவன் எனக்கு ‘ஏலே’, வாசலைத் தாண்டினால் ‘சாமி’. அவன்தான் போனில் கூப்பிட்டான்.

“சித்தி, ஸ்ரீவில்லிபுத்தூர்ல நம்ம ஆள்க கொஞ்சப் பேரு இருக்காங்க. தவக்காலத்துல சிலுவைப் பாதைக்குப் பாடுறவங்க தொண்டை ஆபரேசன் பண்ணிப் படுத்துட்டாங்க. ரெண்டு வெள்ளிக்கிழமைக்கு வந்து பாடிட்டுப் போங்க.”

“ஏலே, எம் பாட்டுக்கு அலைச் சத்தம் வேணும். அப்பதான் தப்பு வெளிய தெரியாது.”

“இங்க பஸ் சத்தம் இருக்கு சித்தி, வாங்க.”

சாமியார் வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியுமா? ஒரு பை நிறைய நெத்திலிக் கருவாடு எடுத்துக்கொண்டேன். பேப்பர் சுற்றி, பிளாஸ்டிக் சுற்றி, அதற்கு மேல் துண்டும் சுற்றியிருந்தேன். சங்கரன்கோவில் தாண்டுவதற்குள் கண்டக்டர் என் பக்கத்தில் வந்து நின்று மூக்கை உறிஞ்சினார்.

“பைக்குள்ள யாரும்மா?”

“நெத்திலி.”

“எத்தனை டிக்கெட்?”

பஸ்ஸே சிரித்தது. எனக்கு முன்சீட்டில் ஒரு பெண், “கண்டக்டரே, எங்க வீட்டுக்காரர் மட்டும் இந்த வாடையை மோந்தா இந்தப் பஸ்ஸை விட்டு இறங்கவே மாட்டாரு” என்றாள். அவளுக்கு ஒரு பொட்டலம் பிரித்துக் கொடுத்தேன். அவளைப் பார்த்து இன்னொருத்தி கேட்டாள். ராஜபாளையத்தில் இறங்கும்போது பை பாதியாகிவிட்டது. பேசப் பழகிய முகங்கள் நிறையச் சேர்ந்திருந்தன. கண்டக்டருக்கும் ஒரு கை கொடுத்தேன். “பொறவு வாடை அடிக்குதுன்னு யாரும் என்னைச் சொல்லக் கூடாது” என்று டிக்கெட் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

ராஜபாளையத்தில் இறங்கியதும் எனக்கு முதலில் தோன்றியது, ஊருக்கு முதுகு இருக்கிறதே என்பதுதான். எங்கள் ஊரில் கிழக்கே பார்த்தால் தண்ணீரைத் தவிர ஒன்றும் கிடையாது. இங்கே மேற்கே பார்த்தால் மலை வந்து அப்படியே நின்றுவிடுகிறது. தெருவில் மில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. டீக்கடையில் பாதிப் பேச்சு தெலுங்கு, பாதிப் பேச்சு தமிழ். சண்டை மட்டும் இரண்டிலும். அந்தோணி எனக்கு ரசமும் முட்டைக்கோஸும் போட்டான். கருவாட்டைப் பார்த்து முகம் மலர்ந்தது. “ஈஸ்டர் வரைக்கும் இதைப் பூட்டி வைக்கணும் சித்தி, சாவியை நீங்க கொண்டு போயிருங்க” என்றான். எங்கள் மதத்தில் இல்லாதவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றால், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் எங்களுக்குத் தவக்காலம், எங்கள் ஊர்ப் பேச்சில் தபசு காலம். எதையாவது விட்டுக்கொடுத்து, கொஞ்சம் பட்டினி கிடந்து, செபம் பண்ணி, மனதைத் துடைத்து வைக்கிற காலம்.

சாயங்காலமே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஞானப்பூ வீட்டுக்கு அனுப்பிவிட்டான்.

ஞானப்பூ கோர்ட்டில் அலுவலக உதவியாளர். வக்கீல்களே அவளைக் கண்டால் செருப்புச் சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்களாம். வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் வெளியூரில். என்னைவிட மூன்று நான்கு வயது இளையவள். முதல் நாளே, “அக்கா, ஒங்களுக்கு எம்புட்டு சோறு வேணுமோ அம்புட்டும் உண்டு. சீனி மட்டும் இந்த வீட்டில கிடையாது” என்று சொல்லிவிட்டாள்.

விஷயம் இதுதான். இந்த ஊரில் இருக்கிற எங்கள் வேதக்காரக் குடும்பங்கள், கிறிஸ்தவர்களைத்தான் சொல்கிறேன், கூடிப் பேசி, இந்தத் தபசுக்கு இனிப்பை விட்டுவிடுவது என்று நேர்ந்துகொண்டிருக்கிறார்கள். கேட்பதற்கு ஒன்றுமில்லை போலத் தெரியும். அந்த ஊரில் ஒரு நாள் இருந்து பாருங்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் பால்கோவா. கோர்ட்டுக்கு எதிரில் பால்கோவா. தெரு திரும்பினால் இரும்புச் சட்டியில் பால் சுண்டுகிற வாசம் வந்து முகத்தில் அப்புகிறது. எங்கள் ஊரில் மீனை விடுகிற மாதிரி இது.

அதைவிடக் கஷ்டம், இங்கே தபசு காலம் என்பதே அக்கம் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. எங்கள் ஊரில் எல்லோரும் வேதக்காரர்கள். தபசு தொடங்குகிற சாம்பல் புதன் வந்தால் ஊரே அடங்கிவிடும். தபசு காலம் கடல் காற்று மாதிரி தானாக வந்து மேலே படும். அதற்காக நான் ஒரு நாளும் கையை அசைத்ததில்லை என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. இங்கே ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு டீக்கடையிலும் நின்று தங்கள் தபசைத் தாங்களே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னாலும் யாரும் நம்புவதில்லை.

“டீ, சீனி வேண்டாம்.”

“சுகரா?”

“இல்ல, விரதம்.”

“எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சது. வெந்தயத்தை ஊறப் போட்டுக் குடிங்க.”

ஞானப்பூவுக்கு இந்தத் தபசில் மட்டும் வெந்தயம், பாகற்காய், நாவல்கொட்டை என்று பாதி ஊர் வைத்தியம் சொல்லிவிட்டதாம்.

அவளுக்கு இந்த வருஷம் அதில் ஒரு வைராக்கியம் இருந்தது. கஞ்சி காய்ச்சிக்கொண்டே சொன்னாள். “வருசா வருசம் எங்கயாவது தவறிருவேன் அக்கா. ஒரு வருசம் சாவு வீட்டுக் காப்பி. ஒரு வருசம் ஜட்ஜம்மா மாறுதல்ல போறப்ப லட்டு குடுத்தாங்க, வாங்காம இருக்க முடியுமா? ஒரு வருசம் இருமல் மருந்து. குடிச்ச பொறவுதான் இனிக்குதுன்னு தெரியுது. எங்க வீட்டுக்காரரு ஒரு நாளும் தவற மாட்டாரு. ‘ஒனக்கு வாய்க்கு ஒரு கேட்டு கூடப் போட முடியாது’ன்னு கேலி பண்ணுவாரு. இந்தத் தடவை ஈஸ்டர் அன்னிக்குக் கல்லறைக்குப் போயி, ‘முழுசா முடிச்சிட்டேன், பாத்துக்கிடுங்க’ன்னு சொல்லணும். அம்புட்டுத்தான் எனக்கு.”

அதைச் சொல்லும்போது அகப்பையை நிறுத்தவில்லை.  சில ஆசைகளைக் கேட்டால் ஆமென் என்று சொல்லத் தோன்றும், அப்படி இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிலுவைப் பாதை. இயேசு சிலுவை சுமந்து போன வழியைப் பதினான்கு இடத்தில் நின்று நினைத்துப் பார்ப்பது. எங்கள் ஊரில் பதினான்கு தலத்துக்கும் வாசல் கிடைப்பதில் அடிதடியே நடக்கும். இங்கே அந்தத் தெருக்களில் பதினான்கு வேதக்கார வீடு கிடையாது. மிச்சத் தலங்களை அக்கம் பக்கத்து ஆள்கள் வாசலில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். நான்காம் தலம் ஒரு தையல் கடை. பத்தாம் தலம் சைக்கிள் கடை. தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு நின்றார், சைக்கிள் கடைக்காரர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டுக் கும்பிட்டார்.  நம் ஆண்டவர் நடந்த வழியிலும் எல்லா மாதிரி ஆள்களும்தானே வாசலில் நின்றிருப்பார்கள்.

ஆறாம் தலம், வெரோணிக்காள் என்கிற பெண் இயேசுவின் முகத்தைத் துடைத்த இடம், கோதையம்மா வீடு. முன்பெல்லாம் பக்கத்து வீட்டில் ஒரு வேதக்கார வாத்தியார் இருந்தார், அங்கே நடந்தது. அவர் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார். இந்த வருஷம் கோதையம்மாவே வந்து, “ஞானக்கா, எங்க வாசல்ல வையுங்க” என்று கேட்டிருக்கிறாள். அவள் புருஷன் வீட்டார் ஆண்டாள் கோயில் தேரோட்டத்தில் தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிற குடும்பம். வீட்டுக்குப் பின்னால் அடுப்பு. பால்கோவா கிண்டிக் கடைகளுக்குக் கொடுக்கிறாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசல் முழுக்கக் கலர்ப்பொடிக் கோலம், நடுவில் சிலுவை. குத்துவிளக்கு எரிந்தது. மேசைக்குச் செவ்வந்தி மாலை. தபசு காலத்தில் நாங்கள் பீடத்துக்கே பூ வைப்பதில்லை. ஞானப்பூவின் புருவம் ஏறியது, ஆனால் பொறுத்துக்கொண்டாள். செபம் முடிந்ததும் அந்தத் தட்டு வந்தது. பிறகு நடந்ததுதான் முதலிலேயே சொன்னது.

மறுநாள் காலையில் எனக்கு அந்த வீட்டுப் பக்கம் கால் போய்விட்டது. சாமியாரிடம் கொடுத்தது போக ஒரு பொட்டலம் கருவாடு மிச்சம் இருந்தது, அதைக் கொண்டுபோகலாம் என்றால் அவர்கள் சைவம். வெறுங்கையோடு போனேன்.

கோதையம்மா பின்கட்டில் அடுப்படியில் இருந்தாள். முந்திரி ஓட்டைப் போட்டு எரிக்கிற தீ. பெரிய சட்டியில் பாலைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். கை நின்றால் அடிப்பிடித்துவிடுமாம். அதனால் நாங்கள் பேசிய பேச்சு முழுவதும் கரண்டிச் சத்தத்தோடுதான்.

“வாங்கக்கா. நேத்து நீங்கதான பாடுனீங்க? நல்லாருந்துச்சு.”

“நேத்து நீ மனசு கஷ்டப்பட்டிருப்ப.”

“கஷ்டமில்லக்கா, வெக்கம். காலையிலருந்து சாப்பிடாத ஆள்க முன்னால போயித் தட்டை நீட்டிட்டேனே. மார்கழி வந்தா நாங்களும் பாலு, நெய்யி தொட மாட்டோம். அப்ப ஒருத்தர் வந்து நெய்ச்சோத்தை நீட்டுனா எப்படி இருக்கும்? நீங்க விரதம்னு எனக்குத் தெரியலக்கா. சாமி வருது, வாற சாமிக்குப் பின்னால வாறவங்களுக்கு இனிப்பு குடுக்கணும்னு மட்டும்தான் தெரிஞ்சது.”

அப்போது உள்ளேயிருந்து அவள் மகள் சுதா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தலை நிற்கிற வயது. கண்ணுக்கு மை, கன்னத்தில் பொட்டு. குழந்தையைப் பார்த்ததும் கோதையம்மாவுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சுதாவுக்குக் கரு தங்காமல் தங்காமல் போய்க்கொண்டிருந்ததாம். போன வருஷம் தபசு காலத்தில், பக்கத்து வாத்தியார் வீட்டு வாசலில் சிலுவையை வைத்துப் பாடிக்கொண்டிருந்தபோது, கோதையம்மா தன் படியில் நின்று பார்த்திருக்கிறாள். ஒரு பெண் அந்த ஆண்டவர் முகத்தைத் துடைத்தாள் என்று ஞானப்பூ வாசித்தது காதில் விழுந்திருக்கிறது. “அம்புட்டுக் கூட்டத்துல ஒரு பொம்பளை போயி முகத்தைத் தொடைச்சாளாமே, அந்தத் தைரியம் எனக்குப் பிடிச்சுப்போச்சு. நின்ன எடத்துலயே சொன்னேன். எம் மகளுக்கு ஒரு பிள்ளையைக் குடு. அடுத்த வருசம் நீ இந்த வழியா வாறப்போ, ஒனக்குப் பின்னால வாறவங்களுக்கு அந்தப் பிள்ளை கையால இனிப்பு குடுக்கேன்னு.”

நேற்று தட்டுக்குப் பின்னால், நடையில், சுதா குழந்தையோடு நின்றுகொண்டிருந்திருக்கிறாள். நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

“ஈஸ்டருக்குக் குடுத்தா என்னம்மா? அன்னிக்கு எல்லாரும் ஆசையாத் தின்னுவாங்க.”

“அடுத்த சனிக்கிழமை இவ ஓசூருக்குக் கிளம்புதாக்கா. மாப்பிள்ளைக்கு லீவு அம்புட்டுத்தான். அதுவும் போக, நான் சொன்னது சிலுவை வாறப்போன்னு. சாமிகிட்ட ஒண்ணைச் சொல்லிட்டு வேற நாள்ல செஞ்சா அது செஞ்சதா?” என்று கரண்டியைத் திருப்பினாள். “போவட்டும். பேத்தி வந்துட்டா. அது போதும்னு சாமியே விட்டுருவாரு.”

விட்டுவிடுவார் என்று சொன்ன வாய் அதை நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. நேர்ந்துகொண்டதை நிறைவேற்றாமல் ஒரு குழந்தையைத் தூக்கி வளர்ப்பது எப்படிப்பட்ட பயம் என்று கடற்கரைக்காரிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில் பூசை. முடிந்ததும் அந்தோணி காப்பி கொடுத்தான். “இன்னிக்குச் சீனி போட்டுக்கிடலாம் ஞானக்கா. ஞாயிற்றுக்கிழமை நாப்பது நாள் கணக்குல வராது” என்றான்.

“ஞாயிறு சீனி, திங்கள் தபசா சாமி? அது ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு இறங்கி ஏறுற மாதிரி இருக்கும். நான் ஒரே டிக்கெட்டாப் போயிருதேன்” என்று சொல்லிவிட்டு அவள் வேறு ஆள்களைப் பார்க்கப் போய்விட்டாள்.

தனியாக மாட்டியதும் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “ஏலே, நீ ஒரு வார்த்தை சொல்லு. சாமியார் சொன்னா தட்ட மாட்டா.”

அவன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தான். “சட்டம்னு பாத்தா வெள்ளிக்கிழமை மாமிசம்தான் கூடாது சித்தி. பால்கோவாவுக்கு எங்கயும் தடை எழுதல. ஆனா ஞானக்கா நேர்ந்தது அவங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல. கோதையம்மா நேர்ந்ததும் அப்படித்தான். ரெண்டுக்கும் நடுவுல நான் அங்கியைப் போட்டுக்கிட்டுப் போயி நிக்கக் கூடாது.”

“அப்ப நான்?”

“நீங்க அங்கி போடலையே” என்றான். சிறு வயதில் கொடுத்த அடி போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது ஞானப்பூவுக்கு அங்கே வேலை இருந்ததால் நான் மட்டும் பஸ் ஏறினேன். பட்டினி, வெயில், ஜன்னல் காற்று, தூங்கிப்போனேன். கண் விழித்தால் கிருஷ்ணன்கோவில். ஸ்ரீவில்லிபுத்தூர் எப்போதோ போய்விட்டது. ரோட்டோரத்தில் இறக்கிவிட்டார்கள். விடுதியிலிருந்து வெளியே வந்த காலேஜ் பிள்ளைகள் கூட்டமாகப் பரோட்டாக் கடையில் நின்றார்கள். திரும்பும் பஸ்ஸுக்காக நின்ற நேரத்தில் ஒரு டீ கேட்டேன், சீனி இல்லாமல். டீ போடுகிறவர், “சீனி போடாம எனக்குக் கை வராதும்மா, ஆத்துறப்போ கணக்குத் தப்பிரும்” என்றார். கடைசியில் பக்கத்தில் நின்ற காலேஜ் பெண் ஒருத்தி, தன் டம்ளருக்கு இரண்டு பங்காகப் போட்டுக்கொண்டால் அவருக்குக் கணக்குச் சரியாகும் என்றாள். அப்படியே போட்டார். அவள் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். “ஆன்ட்டி, உங்க விரதத்துல எனக்குப் பல்லு கூசுது” என்றாள். எனக்காக இனித்தவள், எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

திங்கட்கிழமை காலையில் ஞானப்பூ வேலைக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் சொன்னேன். கோதையம்மா நேர்ந்துகொண்டது, குழந்தை, ஓசூர், எல்லாம். சீப்பு பாதி முடியில் நின்றுவிட்டது.

“அக்கா, இதை நீங்க எங்கிட்டச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.”

“ஏன்?”

“தெரியாம வேண்டாம்னு சொன்னது ஒழுங்கு. தெரிஞ்ச பொறவும் சொன்னா வீம்பு. இப்ப நான் எதுல நிக்கேன்னு எனக்கே தெரியல.” சீப்பை வைத்துவிட்டு, வாராத பாதியை அப்படியே கொண்டை போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரம் ஒரு நாள் அவள் கஞ்சியில் உப்புப் போட மறந்தாள். இன்னொரு நாள் இரண்டு தடவை போட்டாள். வீட்டுக்காரர் படத்துக்கு முன்னால் நின்று, ஏதோ கேட்க வந்தவள் மாதிரி நின்றுவிட்டுத் திரும்பினாள். நான் வியாழக்கிழமை கோதையம்மாவைப் பார்த்தபோது, “நாளைக்கு நாங்க கதவைச் சாத்திட்டு உள்ள இருந்துக்கிடுதோம்க்கா. எங்களைப் பாத்தா ஞானக்காவுக்குச் சங்கடம். தலத்தை வேற வாசல்ல வச்சுக்கிடச் சொல்லுங்க” என்றாள். அதை ஞானப்பூவிடம் சொன்னேன். “ம்” என்றாள். அந்த ஒரு ‘ம்’மை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

வெள்ளிக்கிழமை மறுபடியும் நடந்தோம். தையல் கடை தாண்டியது. ஐந்தாம் தலம் தாண்டியது. ஆறாம் தலத்துக்குத் தெரு திரும்பினால், சொன்னபடியே கதவு சாத்தியிருந்தது. கோலம் இல்லை. வாசலைத் தெளித்து மட்டும் விட்டிருந்தது, ஈரம் காயவில்லை.

ஞானப்பூ தலத்தை மாற்றவில்லை. தன் வீட்டிலிருந்து ஒரு ஸ்டூலை எடுத்து வந்திருந்தாள். அதைச் சாத்திய கதவுக்கு முன்னால் போட்டுச் சிலுவையை வைத்தாள். வாசித்தாள். நான் பாடினேன். முழங்கால் போட்டு எழுந்தோம். கூட்டம் அடுத்த தலத்துக்குத் திரும்பியது. அவள் திரும்பவில்லை. கதவைத் தட்டினாள்.

சுதா குழந்தையோடு வந்து திறந்தாள். பின்னால் கோதையம்மா, முழங்கை வரைக்கும் பால் தெறித்த கையோடு.

“கோதை, இன்னிக்குக் கிண்டுனது இருக்கா?”

“பால்கோவாவாக்கா?”

“ஒங்க வீட்டில வேற என்னத்தைக் கிண்டுதீங்க?”

“ஞானக்கா, ஒங்க விரதம்...”

“இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

“இருக்கு. கடைக்குப் போற சரக்கு.”

“கொண்டாங்க. இவியளுக்கு வேண்டாம். அவிய நேர்ந்ததை நான் ஒடைக்கச் சொல்ல மாட்டேன். சிலுவைக்குப் பின்னால வாறவங்களுக்குன்னுதான நீங்க நேர்ந்தீங்க? இந்த அம்புட்டுப் பேருக்கும் சேத்து நான் ஒருத்தி ஆஜராகுதேன். செல்லுமா, செல்லாதா?”

செல்லும் என்று கோதையம்மா தலையை ஆட்டினாள்.

கூட்டத்தில் யாரோ மெதுவாக, “ஞானக்கா, இம்புட்டு நாளு இருந்துட்டு இப்பப் போயா? ஈஸ்டர் வந்துருமே” என்றார்கள்.

“வரும்னு எனக்கும் தெரியும். நீங்க வரிசையில நில்லுங்க” என்றாள் ஞானப்பூ, திரும்பிப் பார்க்காமல்.

கோதையம்மா உள்ளே போய்ச் சட்டியிலிருந்தே எடுத்து வந்தாள். ஒரு துண்டு இலையில் ஒரு சிட்டிகை வைப்பாள் என்று நினைத்தேன். வாழையிலையில் ஒரு பெரிய உருண்டை இருந்தது. “அம்புட்டுப் பேருக்கும்னா அம்புட்டுப் பேரு பங்கும் இருக்கணும்லக்கா” என்றாள். இலையைக் குழந்தையின் கைக்குக் கீழே பிடித்தாள். குழந்தை ஐந்து விரலையும் அதில் பதித்தது. ஞானப்பூ சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, பூசையில் நன்மை அப்பம் வாங்குகிற மாதிரி இரண்டு கையையும் ஏந்தினாள். வாங்கி, அத்தனையையும் ஒரே தடவையாக வாயில் போட்டுக்கொண்டாள்.

ஏழாம் தலத்துக்கு அவள்தான் செபம் எடுத்துக் கொடுக்க வேண்டும். இரண்டு கன்னமும் புடைத்திருந்தன, சத்தம் வரவில்லை. ஒருத்தரும் சிரிக்கவில்லை, ஒருத்தரும் அவளுக்குப் பதிலாகத் தொடங்கவும் இல்லை. தெருவில் வந்த ஒரு ஆட்டோகூட எஞ்சினை நிறுத்திவிட்டு நின்றது. அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டே, அவசரப்படாமல், கடைசிவரைக்கும் மென்று விழுங்கினாள். சேலை முனையால் முதலில் குழந்தையின் விரல்களைத் துடைத்தாள், அப்புறம் தன் வாயைத் துடைத்துக்கொண்டாள், சிலுவையை எடுத்தாள், தொண்டையைச் செருமினாள், ஏழாம் தலத்தைத் தொடங்கினாள்.